சீர்த் தட்டில் கேம் பெட்டி

வானதிக்குப் பதினோரு வயது. இன்னும் காது குத்தவில்லை. பாபநாசத்துக்குப் பக்கத்தில் அவர்கள் இருக்கும் ஊரில் இது பெரிய சேதி. கல்யாணம், கருமாதி என்று எங்கே போனாலும் யாராவது ஒருத்தி பிள்ளையின் மோவாயைப் பிடித்துத் திருப்பி, இந்தக் காதையும் அந்தக் காதையும் பார்த்துவிட்டு, பிறகு அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். அம்மா விஜயலட்சுமி ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள். "அவ மாமன் வரட்டும்."

மாமன் வந்தபாடில்லை. விஜயலட்சுமிக்குக் கூடப் பிறந்தவர் ஒருவர்தான், துரைராசு. திருத்துறைப்பூண்டியில் சொந்தமாக ஓர் அறுவடை மிஷின் வைத்து ஓட்டுகிறார். நல்ல உழைப்பாளி. ரோஷக்காரரும்கூட, அதுவும் கொஞ்சநஞ்ச ரோஷம் இல்லை. வானதிக்குப் பேர் வைத்த அன்று அவர் சீர் கொண்டு வந்தார். ஆற்றில் தண்ணீர் வராமல் சம்பா கருகிப்போன வருஷம் அது. தட்டு நிறைந்த மாதிரி தெரியட்டும் என்று அடியில் வெற்றிலையைப் பரப்பி, மேலே கொஞ்சம் பழமும் ஒரு சின்னச் சட்டையும் வைத்திருந்தார். விஜயலட்சுமியின் நாத்தனார் பிரகதீஸ்வரி மூடியிருந்த துணியை எடுத்துப் பார்த்தாள். "என்னடி விஜயா, வெத்தலக் கொடிக்காலையே கொண்டாந்துட்டாரா ஒங்கண்ணன்?" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். துரைராசு இலை போடும்வரைகூட இருக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான், அதற்கப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை.

பிள்ளைக்கு ஒரு வயதானபோதே சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ஒன்றுவிட்ட மாமன் இருக்கிறான், அவன் மடியில் உட்கார வைத்துக் குத்திவிடலாம், எத்தனையோ வீட்டில் நடக்கிறதுதானே என்றார்கள். விஜயலட்சுமி ஒத்துக்கொள்ளவில்லை. இருக்கிற அண்ணனை இல்லாதவராக்கிவிட்டு அந்தக் காரியத்தைச் செய்ய அவளுக்கு மனசு வரவில்லை. பொங்கலுக்கு ஒரு தடவை அவளே போன் பண்ணுவாள். "நல்லா இருக்கியா, சரி, வச்சிடறேன்" என்று அவர் முடித்துக்கொள்வார். பிடிவாதத்தில் அண்ணனுக்குத் தங்கை இளைத்தவள் இல்லை. நடுவில் பிள்ளையின் காது மூளியாகவே வளர்ந்தது.

கடைசியில் அந்த முடிச்சை அவிழ்த்தது வானதிதான். மாசி மாதம் துரைராசின் மிஷின் இந்தப் பக்கம் அறுவடைக்கு வந்திருக்கிறது என்று எப்படியோ தெரிந்துகொண்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் வரப்பில் நின்றாள். அவர் மிஷினை நிறுத்தி இறங்கி வந்ததும், "நீங்கதானே துரைராசு மாமா? நான் வானதி. எனக்கு இன்னும் காது குத்தல" என்றாள்.

அவர் என்ன செய்தார் என்பதை அவள் வீட்டில் வந்து சொன்னாள். மிஷினில் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டினாராம். இறக்கிவிடும்போது, "ஒனக்கு என்ன புடிக்கும் பாப்பா?" என்று கேட்டாராம். "கேம் ஆடப் புடிக்கும் மாமா" என்று இவள் சொல்லியிருக்கிறாள். வைகாசியில் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து என்று நாள் குறித்தாகிவிட்டது.

இந்த இடத்தில் வானதியின் கேம் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் அப்பா செந்தில்குமார் பாபநாசத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய பழைய லேப்டாப்தான் அவளுடைய மைதானம். சனி, ஞாயிறு மட்டும் ஆட்டம். கையில் ஒரு கேம் இருந்தால் அதை முடிக்காமல் அடுத்ததைத் தொடக் கூடாது என்று வீட்டில் சட்டம். அதைவிடப் பெரிய சட்டங்களை அவளே தனக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கேம் வேண்டும் என்று தோன்றினால், வேறு யாராவது அதை ஆடுகிற வீடியோவை முதலில் பார்ப்பாள். இலவசமாக ஆடிப்பார்க்கக் கொஞ்சம் கொடுத்திருந்தால் அதை ஆடுவாள். அதற்குப் பிறகும் பிடித்திருந்தால் விலை குறையும்வரை காத்திருப்பாள். "வெல குறையறதுக்குள்ள பாதி ஆசை தானாவே போயிடும்மா. போகாம நிக்கிறதுதான் நெஜமான ஆசை" என்பாள். வருஷத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. வாங்கிவிட்டாலோ அதன் மூலைமுடுக்கெல்லாம் நுழைந்து வெளியே வராமல் ஓய மாட்டாள். விஜயலட்சுமி புடவை எடுப்பதில்கூட இவ்வளவு நிதானம் காட்டியதில்லை.

அண்ணன் கேம் வாங்கப் போகிறார் என்று தெரிந்ததும் அவள் போன் பண்ணினாள். "அண்ணே, நீ வந்தா போதும். அப்படி எதாச்சும் வாங்கறதா இருந்தா, எது வேணும்னு அவளையே கேட்டுக்க. அவளுக்கு அதெல்லாம் நல்லாத் தெரியும்."

"கேட்டு வாங்கிட்டு வந்தா அதுக்குப் பேரு சீரா? மாமன் மனசால குடுக்கறதுதான் சீரு. நீ சும்மா இரு" என்று வைத்துவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. என்ன வேண்டும் என்று கேட்டு அவர்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சீர் செய்ததில்லை.

வைகாசி வெயிலில், குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கும் ஐயனார் கோயிலுக்கு மேளதாளத்தோடு சீர் வந்து இறங்கியது. பட்டுப் பாவாடை, வளையல், பழங்கள், இனிப்பு, தோடு என்று தட்டுகள் வரிசையாக வந்தன. நடுவே இரண்டு பெரிய தட்டுகளைத் துரைராசு தானே முன்னால் வைத்துத் துணியை எடுத்தார். ஒன்றில் கேம் ஆடுகிற மிஷினின் பெட்டி. இன்னொன்றில் கேம் டிஸ்க் பெட்டிகள், ஒன்றின் மேல் ஒன்றாக வட்டம் கட்டி, உச்சியில் ஒரு ரோஜாப்பூவோடு. தட்டின் அடி எங்கேயும் தெரியவில்லை. பிரகதீஸ்வரி எட்டிப் பார்த்தாள். சொல்ல அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதைத் துரைராசு பார்த்தார். அண்ணன் அதைப் பார்த்ததை விஜயலட்சுமியும் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது.

வானதி சிரித்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே தட்டுகளுக்கு முன்னால் குனிந்தாள். மிஷின் பெட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். நிமிர்ந்து வந்து, சிரிப்பு மாறாமல் அம்மாவின் காதில் சொன்னாள். "அம்மா, இந்த மிஷின்ல டிஸ்க் போடற எடமே கெடையாது. நெட்லேருந்து எறக்கி ஆடற மாடல் இது. மாமா வாங்கியிருக்கிற டிஸ்க் ஒண்ணுகூட இதுல போகாது."

விஜயலட்சுமி அவளைக் கொஞ்சம் தள்ளி இழுத்துக்கொண்டு போனாள். "நல்லாப் பாத்தியாடி?"

"பெட்டியிலயே போட்டிருக்கு. ஒரே கேம் ரெண்டு தடவ வேற இருக்கு. ஒண்ணு பெரியவங்க மட்டும் ஆடறது. நீ மாமாகிட்ட சொல்லிடாத. நான் எதையும் பிரிக்க மாட்டேன். ஒற பிரிக்காம இருந்தாத்தான் கடையில திருப்பி எடுப்பாங்க. நாளைக்கி, மாமா ஊருக்குப் போன பெறகு, அப்பாவ வுட்டு மெதுவா மாத்திக்கலாம்."

அதற்குள் துரைராசே பக்கத்தில் வந்துவிட்டார். பதினோரு வருஷத்துப் பேச்சையும் சேர்த்து வைத்திருந்தவர் போலப் பேசினார். கேம் மிஷினைச் சிங்கப்பூரிலிருந்து தெருக்காரப் பையன் ஒருவன் வாங்கி வந்தானாம், டிஸ்க்கையெல்லாம் தஞ்சாவூரில் இவரே கடைக்குப் போய்ப் பொறுக்கினாராம். "அந்தக் கடைக்காரத் தம்பி சொல்றான், டிஸ்க்கே வேணாம் சார், கார்டு ஒண்ணு தரேன், அதுல இருக்கிற நம்பரப் போட்டா கேம் தானா எறங்கிடும்னு. ஏம்ப்பா, கார்டத் தட்டுல வச்சா எவன் கண்ணுக்குத் தெரியும்னு கேட்டேன். பெட்டியா குடு, நல்லாப் பெரிய படம் போட்டதாக் குடு, ஒத்தப்படையா வர்ற மாதிரி குடுன்னுட்டேன். ஒண்ணு கொறைஞ்சுது, இருக்கிறதுலயே இன்னொண்ணு போட்டுக்கிட்டேன்." சொல்லிவிட்டுத் தங்கையைப் பார்த்தார். "எப்புடி இருக்கு?"

"ரொம்ப நல்லாருக்குண்ணே" என்றாள் விஜயலட்சுமி. அவள் பொய் சொல்லவில்லை. அந்தத் தட்டைப் போல ஒன்றை அவள் பார்த்ததே இல்லை.

ஆசாரி கூப்பிட்டார். ஒரு வயதில் உட்கார வேண்டிய பிள்ளை பதினோரு வயதில் மாமன் மடியில் உட்கார்ந்தாள். கால்கள் தரையைத் தொட்டன. பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்தது, துரைராசுக்கு மட்டும் வரவில்லை. பிள்ளையின் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். ஊசி ஏறியபோது வானதி அழவில்லை, அவர்தான் கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை வருஷம் காத்திருந்ததற்கு இது போதும் என்று விஜயலட்சுமிக்குத் தோன்றியது. இனி அண்ணன் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டால், அதற்குப் பிறகு எது எப்படிப் போனாலும் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தில் இலை போட ஆள்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். துரைராசு கேம் மிஷினைத் தானே தூக்கிக்கொண்டு போய் டி.வி.க்குக் கீழே வைத்தார். "பாப்பா, ஒண்ணு போட்டு ஆடிக் காட்டு. எல்லாரும் பாக்கட்டும்."

"காது வலிக்குது மாமா. நாளைக்கி ஆடறேன்."

"கையாலதானே ஆடப் போற? சும்மா ஒரே ஒரு ஆட்டம்."

"சாப்ட்டு முடிச்சிட்டுப் பாக்கலாமேண்ணே" என்று விஜயலட்சுமி குறுக்கே புகுந்தாள். வரும் வழியில் அவள் கணவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அது தப்பாகப் போயிற்று. செந்தில்குமாருக்கு இரும்பைக் கடையத் தெரியும், பொய் சொல்லத் தெரியாது. "கரண்டு சரியா வரல மச்சான். லோ வோல்ட்டேஜ். மிஷினு போயிடும்" என்றார். தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. துரைராசு அதை அண்ணாந்து பார்த்தார். பிறகு மூன்று பேர் முகத்தையும் பார்த்தார்.

"சரி, ஆட வேணாம். டிஸ்க் பெட்டியையாச்சும் பிரி பாப்பா. உள்ள என்ன இருக்குன்னு பாப்போம்."

வானதி டிஸ்க் பெட்டிகளை மடியில் சேர்த்து அணைத்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையசைத்தாள்.

பிரகதீஸ்வரி வேண்டுமென்று சொன்னாளா, வாயில் வந்ததைச் சொன்னாளா, தெரியாது. "பிரிக்கக்கூட மனசில்ல பாரு. புள்ளைக்குப் புடிக்கல போலருக்கு" என்றாள்.

துரைராசின் முகம் சுண்டிப்போயிற்று. எழுந்தார். "புடிக்கலன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம். குடுத்தத திருப்பிக் கேக்கற வழக்கம் எனக்கு இல்ல. தெருவுல தூக்கிப் போட்டுடுங்க" என்றார். ஒருவர் கையைப் பிடிக்க வந்தார், உதறிவிட்டார். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு சீர் கொண்டு வந்த வேன் நிற்கிற இடத்துக்கு நடந்தார். கூடத்தில் விரித்த இலைகளில் தண்ணீர் மட்டும் தெளித்திருந்தது.

விஜயலட்சுமி நிலைப்படியில் நின்றாள். அவளுக்கு இரண்டே வழிதான் இருந்தது. உண்மையைச் சொன்னால் அண்ணன் அசிங்கப்படுவார், அதுவும் இந்த வீட்டில், இந்த நாத்தனாருக்கு முன்னால். அன்றைக்கு ஒரு வார்த்தைக்கே போனவர், இன்றைக்கு இது தெரிந்தால் எந்த முகத்தோடு திரும்பி வருவார்? சொல்லாமல் விட்டாலோ, தன் சீரைப் பிள்ளை தொடக்கூட மாட்டேன் என்றாள் என்ற நினைப்போடு போவார், சாகும்வரை அதை விட மாட்டார். எதைச் செய்தாலும் அண்ணன் போய்விடுவார் என்றுதான் தெரிந்தது. போகிறவர் பிள்ளையைத் தப்பாக நினைத்துக்கொண்டு போக வேண்டாம் என்று முடிவு செய்தாள். தெருவென்று பார்க்காமல் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

வேனின் கதவில் கை வைத்திருந்தவரை மறித்தாள். "அண்ணே, சொல்றத முழுசாக் கேட்டுட்டுப் போ. அந்த மிஷின்ல டிஸ்க் போடற எடம் கெடையாதாம். நெட்டுல எறக்கற மாடலாம். நீ வாங்கின எதுவும் அதுல ஆடாது."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கதவிலிருந்து கை தானாக இறங்கியது.

"ஒனக்கு யாரு சொன்னா?"

"வானதிதான். கோயில்லயே பாத்துட்டா. மாமாகிட்ட சொல்லாதன்னா. ஒற பிரிச்சா கடையில திருப்பி எடுக்க மாட்டாங்கன்னுதான் அதக் கட்டிப்புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கா. ஒன் காசு வீணாப் போயிடக் கூடாதாம், ஒன் மொகமும் வாடிடக் கூடாதாம். இப்பவும் போறேன்னா போண்ணே, நான் தடுக்கல. ஆனா அந்தப் புள்ளைக்குப் புடிக்கலன்னு மட்டும் நெனச்சிட்டுப் போயிடாத." அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. "காது குத்தலியா குத்தலியான்னு ஊரே கேட்டுச்சு. எத்தினி பேரு மடி குடுக்கறேன்னு வந்தாங்க. ஒருத்தருக்கும் நான் சம்மதிக்கல. தட்டுக்காகவா காத்துக்கிட்டுக் கெடந்தேன்?" தெருவில் நின்று வாய்விட்டு அழுதாள்.

துரைராசு வேனில் சாய்ந்துகொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். அறுவடை மிஷின் சேற்றில் புதைந்தால் இறங்கி, எந்தப் பக்கம் எடுப்பது என்று யோசிக்கிறபோது அவர் அப்படித்தான் நிற்பார். சின்ன வயதிலிருந்தே அந்த நிலையை விஜயலட்சுமிக்குத் தெரியும். அதில் அவரிடம் பேசிப் பயனில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். பின்னால் வேன் கிளம்பும் சத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டே நடந்தாள்.

சத்தம் வரவில்லை. அவள் படியேறியபோது அவரும் பின்னால் ஏறினார்.

துரைராசு கூடத்தின் நடுவில் போய் நின்றார். "நான் வாங்கினது தப்பு. இந்த மிஷின்ல இந்த டிஸ்க் எதுவும் போகாதாம். எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச புள்ளையக் கேட்டிருக்கணும், கேக்கல. தட்டு நெறையணும்னு வாங்கிட்டேன்" என்றார். பிரகதீஸ்வரியின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

அண்ணன் வாயிலிருந்து தப்பு என்ற சொல்லை விஜயலட்சுமி கேட்டதே இல்லை. அவள் பயந்துபோய் நாத்தனாரைப் பார்த்தாள். பிரகதீஸ்வரி பந்தியில் முதல் இலையைத் தானே சரியாகத் திருப்பிப் போட்டாள். "வாங்க தம்பி. நீங்க ஒக்காந்தாத்தான் மத்தவங்க ஒக்காருவாங்க" என்றாள்.

துரைராசு உட்காரவில்லை. மூலையில் டிஸ்க் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்த வானதியிடம் போய்க் குந்தினார். காதுகள் சிவந்து வீங்கியிருந்தன. "இதெல்லாம் நாளைக்கே கடையில குடுத்துட்டு, ஒனக்குப் புடிச்சத வாங்கிடுவோம். எது வேணும்னு சொல்லு பாப்பா. எத்தினி வேணும்?"

"இப்ப ஒண்ணும் வேணாம் மாமா. மொதல்ல இலவசமா ஒண்ணு எறக்கறேன். ஆடிப் பாப்போம். புடிச்சா அந்த ஒண்ண மட்டும் வாங்கலாம். ஒண்ணு முடிக்கவே எனக்கு ஆறு மாசம் ஆகும்."

அவர் தலையாட்டினார். எழுந்திருக்கவில்லை. கேட்கத் தயங்கிக்கொண்டே கேட்டார். "ஆடாதுன்னு ஒனக்குக் கோயில்லயே தெரியும்னு அம்மா சொன்னா. அப்புறம் எதுக்கு அந்தத் தட்டப் பாத்து அப்புடி சிரிச்ச? நான் வருத்தப்படக் கூடாதுன்னு நடிச்சியா?"

வானதிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "தட்டப் பாத்தா? நான் எங்க மாமா தட்டப் பாத்தேன்? மேளம் வந்துச்சு, நீங்க முன்னாடி நடந்து வந்தீங்க. அதப் பாத்துதான் சிரிச்சேன்" என்றாள்.

துரைராசு அவள் தலையில் கை வைத்தார், காதில் படாமல். வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு எழுந்து முகத்தைத் தோள் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, இலையின் முன்னால் போய் உட்கார்ந்தார். விஜயலட்சுமி சோற்றுப் பாத்திரத்தை யாரிடமும் கொடுக்காமல் தானே வாங்கிக்கொண்டு வந்து அண்ணனுக்குப் பரிமாறினாள்.